திரும்பி வந்த டப்பாக்கள்

பேக்கரித் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே, மாவுக்கு எவ்வளவு தண்ணீர், அடுப்பில் எவ்வளவு சூடு என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அதெல்லாம் கை பழகினால் தானாக வரும். நாலு தடவை கருக்கினால் ஐந்தாவது தடவை நீங்களே எனக்குப் பாடம் நடத்துவீர்கள். நான் சொல்ல வந்தது வேறு. எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்கிறோம் என்று நெஞ்சை நிமிர்த்தி நிற்கும்போது ஒருத்தி வந்து, உன் கடைப் பண்டத்தைத் தின்றுதான் என் பிள்ளை படுத்துவிட்டாள் என்கிறாள். அப்போது என்ன செய்வீர்கள்? எனக்கு அப்படி ஒரு நாள் வந்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

இப்போது உங்கள் கடைக் கண்ணாடியில் 'குளூட்டன் இல்லாதது' என்று பளபளவென்று ஒட்டி வைத்திருக்கிறீர்கள். நான் ராஜபாளையத்தில் கடை நடத்திய எண்பதுகளில் அந்தச் சொல்லை யாரும் கேட்டதில்லை. கோதுமை ஆகாதவர்கள் என்போம், அவ்வளவுதான். என் அத்தா, அதாவது அப்பா, ஸ்ரீவில்லிபுத்தூரில் ரொட்டிக்கடை வைத்திருந்தவர். மைதா மூட்டைகளுக்கு நடுவில் தவழ்ந்து வளர்ந்தவள் நான். கல்யாணமாகி ராஜபாளையம் வந்தபின் நானும் வீட்டுக்காரரும் அதே மாதிரி ஒரு கடை போட்டோம். ரொட்டி, பன், ரஸ்க், வருக்கி. மாவு பிசைவதும் யாவாரம் பேசுவதும் நான், அடுப்பு அவர் பொறுப்பு. ஒத்தாசைக்குப் பேச்சியம்மா என்று ஒருத்தி இருந்தாள்.

நம் பக்கம் ரொட்டி என்றால் நோயாளிச் சாப்பாடு. உங்களுக்கே தெரியும். காய்ச்சலுக்கு ரொட்டி, வயிற்றுப்போக்குக்கு ரொட்டி, ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்க்கப் போனாலும் கையில் ரொட்டி. கோமதி டீச்சர் அப்படித்தான் எங்களுக்கு வாடிக்கை ஆனார். அவருக்கு வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். அவர் வீட்டுக்காரருக்கு ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை. தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர், சாயங்காலம் எங்கள் கடையில் ரொட்டி வாங்கிக்கொண்டு போவார். மகள் உமாவுக்குத்தான் அந்த ரொட்டி. அவளுக்கு ஏழு வயது. பார்த்தால் நாலு வயது என்பீர்கள். குச்சிக் கை, குச்சிக் கால், வயிறு மட்டும் உப்பி நிற்கும். எதைத் தின்றாலும் தங்காது. பூச்சி என்று மருந்து கொடுத்துப் பார்த்தார்கள், தோஷம் என்று கயிறு கட்டிப் பார்த்தார்கள். பிள்ளை வாட வாட, வயிற்றுக்கு இதமாக இருக்கட்டும் என்று இன்னும் ஒரு துண்டு ரொட்டி, இன்னும் ரெண்டு ரஸ்க் என்று கொடுத்திருக்கிறார்கள். கடைசியில் மதுரையில் ஒரு டாக்டர்தான் கண்டுபிடித்தார். கோதுமைதான் இந்தப் பிள்ளைக்கு எதிரி. ரொட்டி, ரவை, சேமியா எதுவும் ஆகாது, ஒரு துணுக்குகூட வாயில் படக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

டீச்சர் அன்று எங்கள் கடைக்கு வந்து நின்றது இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது.

"ஏங்க்கா, அரிசியில ரொட்டி போட வராதா?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் சிரித்தார். "அதுக்குப் பேரு இட்லி டீச்சர்."

டீச்சர் சிரிக்கவில்லை. "இட்லி வீட்டுல தின்னுக்கிடுவா. பள்ளிக்கூடத்துல அம்புட்டுப் பிள்ளையும் பன்னு திங்கும்போது எம்பிள்ள எச்சி முழுங்கிட்டு நிக்குது. டீச்சரா அதே பள்ளிக்கூடத்துல நின்னு அத நான் பாக்கணும்."

வீட்டுக்காரருக்கு முகம் சுண்டிப்போயிற்று. எனக்கு அன்று ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

அரிசியில் ரொட்டி போட்டுப் பார்த்தோம். முதலில் வந்தது செங்கல். அடுத்தது களி. ஒருநாள் போட்டதைத் தெருநாய்க்கு வைத்தேன், அது மோந்து பார்த்துவிட்டு என்னை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனது. வீட்டுக்காரர் அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு மாதம் சிரித்தார். உளுந்தும் வெந்தயமும் கை கொடுத்தபிறகுதான் ரொட்டி என்று ஒன்று எழும்பியது. உமா அதை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கடிக்காமல் மோந்துகொண்டே இருந்தாள். "தின்னு கழுத, ஒனக்குத்தான்" என்று அதட்டினேன். அதட்டாவிட்டால் நான் அழுதிருப்பேன்.

அதற்குப் பிறகு நான் ஒரு முடிவு எடுத்தேன். ஒரே மேசையில் மைதாவும் இதுவும் ஆகாது. மைதா மூட்டையை அவிழ்த்தாலே கடை முழுக்கப் பறக்கும், அதில் வளர்ந்தவளுக்கு இது தெரியாதா? கடையில் இனி கோதுமையே கிடையாது என்று சொன்னேன். வீட்டுக்காரர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். ஊர்க்காரர்கள் 'மைதா இல்லாத பேக்கரியா? நல்லாருக்கு தாயி' என்று கேலி பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன். ஊர் மாவு மில்லில் எல்லார் வீட்டுக் கோதுமையும் அரைபடும் என்பதால் சொந்தமாக ஒரு சின்ன மிஷின் போட்டுக்கொண்டோம். கேழ்வரகு பிஸ்கட், கம்பு ரஸ்க், தினை கேக், எல்லாவற்றுக்கும் இனிப்பு கருப்பட்டிதான். சுகர் வந்தவர்கள் கேழ்வரகுக்காக வந்தார்கள். அவர்களுக்குக் கருப்பட்டியும் ஆகாது என்று உப்பு பிஸ்கட்டாகவே போட்டுக் கொடுத்தேன். வாய்க்கு ருசியாக இருக்கிறது என்று சும்மா வந்தவர்கள்தான் அதிகம். கேலி பேசியவர்களும் அந்தக் கூட்டத்தில் நின்றார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எனக்கு எதையும் வீணாக்கப் பிடிக்காது. வீட்டுக்காரர் அதைக் கஞ்சத்தனம் என்பார். அரிசி கழுவிய தண்ணீரும் உளுந்துத் தோலும் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போகும். ரொட்டியை வாழை இலையில் சுற்றிக் கொடுப்போம். அப்போதுதான் பிளாஸ்டிக் கவர் கடைக்குக் கடை வர ஆரம்பித்திருந்தது. அதற்குள் போட்டால் அரிசி ரொட்டி வேர்த்துப் பூசணம் பிடிக்கும், காலிக் கவர் தெருச் சாக்கடையான வாறுகாலை அடைத்துக்கொள்ளும். அது வேண்டாம் என்று, பிஸ்கட்டுக்கும் ரஸ்க்குக்கும் மூடி போட்ட தகர டப்பா வைத்தேன். டப்பாவோடு வாங்கிப் போவார்கள், தின்று முடித்ததும் காலி டப்பாவைக் கொடுத்துவிட்டு வேறு டப்பா வாங்குவார்கள். ஒரே டப்பா சோழபுரம் போகும், கான்சாபுரம் போகும், திரும்பி வந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும். எனக்கு அதில் ஒரே பெருமை. விறகு ஒன்றுதான் உறுத்தும். வண்டி வண்டியாக மரம் வந்து இறங்கும்போது நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கமாட்டேன்.

இப்படி நன்றாகத்தான் போயிற்று. உமாவுக்கு முகத்தில் சதை பிடித்தது. கண்ணில் உயிர் வந்தது. பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் கடைசிக்கு முந்தி வந்தாள் என்று டீச்சர் வந்து சொல்லிவிட்டுப் போனார். கடைசிக்கு முந்தி வந்ததற்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட தாயை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

பிறகு ஒரு தீபாவளி வந்து போனது. கிறிஸ்துமஸ் கேக்குக்கு ஆர்டர் சொல்ல ஆட்கள் கடையில் நின்றுகொண்டிருந்த ஒரு காலை நேரம். டீச்சர் வந்தார். தலை வாரவில்லை, செருப்பு இல்லை.

"அக்கா, எம்பிள்ள மறுபடியும் படுத்துட்டா. வயிறு ஊதிப்போச்சு. தண்ணி குடிச்சாலும் வெளிய வருது. கோதுமை உள்ள போயிருக்குன்னு டாக்டர் சொல்றாரு. இப்படியே இருந்தா மதுரையில படுக்கையில சேக்கணுமாம்."

வீட்டுக்காரர் மெல்ல, "தீபாவளிக்கு அக்கம்பக்கத்துல எதையாச்சும் தின்னுருப்பா டீச்சர்" என்றார்.

"தீபாவளி முடிஞ்சு எம்புட்டு நாளாச்சு? வீட்டுல ரவைகூட நான் வாங்குறதில்ல. அவ வாயில போற வெளிப்பண்டம் ஒங்க டப்பா ஒண்ணுதான். அக்கா, நீங்களே சொல்லுங்க, நான் வேற எங்க போயித் தேட?"

எனக்கு முன்கோபம் அதிகம். வாயும் நீளம். 'யாரைப் பார்த்து என்ன சொல்றீக, என் கடையிலயா?' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எதற்காக நான் மைதாவை விட்டேன், ஊர்க் கேலியைச் சுமந்தேன்? அவர் பிள்ளைக்காகத்தானே? ஆனால் செருப்பில்லாமல் ஊர் விட்டு ஊர் வந்திருந்த அவர் காலைப் பார்த்தேன். கோபம் போன இடம் தெரியவில்லை. பயம்தான் இருந்தது.

"டீச்சர், இப்பவே ஷட்டர எறக்குறேன். எப்படிப் போச்சுன்னு கண்டுபிடிக்காமத் தூக்கமாட்டேன்" என்றேன்.

பிள்ளைகளே, இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் கடையைச் சாத்துங்கள், அப்புறம் யோசியுங்கள். யோசித்துவிட்டுச் சாத்தலாம் என்று இருந்தால் சாத்தவே மாட்டீர்கள். ஆர்டர் சொல்ல வந்தவர்கள் கலைந்து போனதும் வீட்டுக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி, ஒனக்குப் புத்தி இருக்கா? கிறிஸ்மஸ் நேரத்துல கடையச் சாத்துனா ஊரு என்ன பேசும்? விசம் வச்ச கடைம்பான்."

"தொறந்து வச்சு இன்னொரு பிள்ள படுத்தா என்ன பேசும்?"

அவர் குரலைத் தாழ்த்தி, "பேச்சியம்மா தூக்குச்சட்டியில பூரி கீரி கொண்டாந்திருப்பா. கூப்பிட்டு நாலு வார்த்த கேளு" என்றார்.

"ஆளத் தேடாதீக. மாவத் தேடுங்க" என்றேன்.

அன்று நான் பேசிய பேச்சில் உருப்படியானது அது ஒன்றுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். யார் செய்தது என்று ஆரம்பித்தால் எல்லாரும் தன்னைக் காப்பாற்றப் பார்ப்பார்கள், தெரிந்ததைக்கூடச் சொல்லமாட்டார்கள். எந்த வழியாக வந்தது என்று கேட்டால் அவர்களும் உங்களோடு சேர்ந்து தேடுவார்கள். பேச்சியம்மா அப்படித்தான் தேடினாள். தரையில் முட்டி போட்டு, மிஷினுக்கு அடியில் தலையை விட்டுத் தேடினாள்.

அரிசி மூட்டை, உளுந்து, தினை எல்லாவற்றையும் சொளகில் கொட்டிப் புடைத்தோம். மிஷினைப் பிரித்துக் கல்லைக் கழுவினோம். காரபிஸ்கட்டுக்குப் போடுகிற பெருங்காயத்தில் மைதா சேர்ப்பார்கள் என்று தெரிந்து முன்பே அதை விட்டிருந்தோம். ஆனாலும் பழைய டப்பி எதுவும் இருக்கிறதா என்று அலமாரியைக் கவிழ்த்துப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டு வந்தால் பின்வாசலுக்கு வெளியே உட்கார்ந்து தின்று, கை கால் கழுவித்தான் உள்ளே வரவேண்டும் என்பது என் சட்டம். அதை யாரும் மீறவில்லை. மறுநாள் மத்தியானம் வரை தேடிவிட்டு மூன்று பேரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துவிட்டோம். எனக்கு அழுகையாக வந்தது. யா அல்லாஹ், அந்தப் பிள்ளையைக் காப்பாற்று, எனக்கு ஒரு வழி காட்டு என்று வாய்விட்டே கேட்டேன்.

அப்போது பின்வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். சோழபுரம் முத்துலட்சுமி. அவள் வீட்டுக்காரருக்குச் சுகர், கேழ்வரகு பிஸ்கட் வாடிக்கை.

"என்னக்கா, முன்னால பூட்டிக் கெடக்கு? டவுனுக்கு வந்தேன், அப்படியே டப்பாவக் குடுத்துட்டுப் போவோம்னு வந்தேன்" என்று நீட்டினாள். வாங்கினால் கனத்தது. மூடியைத் திறந்தேன். நெய் மணம் தூக்கியடித்தது. கோதுமை மாவு உருண்டை, சீனி மினுங்க, டப்பா நிறைய.

"பேரனுக்குச் செஞ்சேன். வெறும் டப்பாவாவா குடுப்பாக? தின்னுட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் பேச்சியம்மா வழக்கம்போல டப்பாவை வாங்கினாள். வாசலுக்கு வெளியே நின்றே உருண்டைகளைத் தட்டில் கொட்டினாள். கையைக் கழுவினாள். டப்பாவை உலர்ந்த துணியால் உள்ளும் வெளியும் துடைத்தாள். தண்ணீர் விட்டுக் கழுவினால் தகரம் துருப்பிடிக்கும் அல்லவா? துடைத்துவிட்டு, உள்ளே கொண்டுபோய் அலமாரியில் மற்ற டப்பாக்களோடு வைக்கக் கையைத் தூக்கினாள். இதை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன்! நானே எத்தனை தடவை செய்திருப்பேன்!

"பேச்சி, வைக்காத!" என்று கத்தினேன். அவள் பயந்து டப்பாவைக் கீழே போட்டுவிட்டாள்.

டப்பாவை வெயிலுக்குக் கொண்டுபோனேன். தகர டப்பாவின் அடியில் ஓரத்தை மடக்கி ஒட்டியிருப்பார்கள், அந்த இடுக்கில் என் கொண்டை ஊசியை விட்டு நெம்பினேன். நெய்யில் ஊறிய மாவு திரிதிரியாக வந்தது. அலமாரியில் இருந்த 'சுத்தமான' டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து நெம்பினேன். ஒன்றில் ரவை. ஒன்றில் மைதா முறுக்குத் துணுக்கு. ஒன்றில் சீனி, எங்கள் கடையில் கருப்பட்டி தவிர சீனியே கிடையாது. தீபாவளிப் பலகாரம் அத்தனையும் அந்த இடுக்குகளில் இருந்தது. கோதுமை கடைக்குள் வராமல் நாங்கள் முன்வாசலில் காவல் இருந்தோம். அது டப்பாவுக்குள் உட்கார்ந்துகொண்டு, எங்கள் கையாலேயே உள்ளே வந்து, எங்கள் பிஸ்கட்டோடு வெளியே போயிருக்கிறது. ஊராருடைய பிரியம் எல்லாம் சேர்ந்து அந்தப் பிள்ளையைப் படுக்க வைத்துவிட்டது.

முத்துலட்சுமிக்கு விஷயம் புரிந்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "ஆசையாக் குடுத்தது ஒரு பிள்ளைக்கு விசமாவா போச்சு?" என்று மாராப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளைச் சமாதானம் பண்ணி அனுப்பிவிட்டு நான் சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

"எங்க போற?" என்றார் வீட்டுக்காரர்.

"ஸ்ரீவில்லிபுத்தூருக்கு."

"எதுக்கு? நாமதான் கண்டுபிடிச்சாச்சுல்ல, கமுக்கமாச் சரி பண்ணிருவோம். தீபாவளிக்கு எங்கயோ தின்னுட்டான்னு அவிய நினைச்சுக்கிடட்டும். நாமளே போயி, ஆமா எங்க டப்பாதான்னு சொன்னா நாளைக்கு யாரு நம்மகிட்ட வாங்குவாக?"

அவர் கெட்டவர் இல்லை. பயந்துபோனவர் பேசுகிற பேச்சு அது. உங்களுக்கும் ஒருநாள் உங்கள் பக்கத்தில் நிற்பவர் இதே பேச்சைப் பேசுவார், அது நியாயமாகவும் தோன்றும். எனக்கும் செத்த நேரம் தோன்றியது. ஆனால் நான் சொல்லாவிட்டால் டீச்சர் வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருப்பார், பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போடுவார், பிள்ளையை அடித்துக் கேட்பார். திருடாத பிள்ளையைத் திருடி ஆக்கிவிடுவோம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். பஸ் ஸ்டாண்டு வரை கூடவே வந்து ஏற்றிவிட்டார்.

டீச்சர் வீட்டில் உமா பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கன்னம் மறுபடியும் ஒட்டிப்போயிருந்தது. என் குரலைக் கேட்டுத் திரும்பினாள்.

"பேக்கரி அத்த, ரொட்டி கொண்டாரலையா?"

"கொண்டாருவேன் தங்கம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, டீச்சரிடம் கடைசியாக வந்த டப்பாவைக் கேட்டேன். பிஸ்கட்டை ஒரு தாளில் கொட்டிவிட்டு ஊசியை விட்டு நெம்பினேன். வெள்ளையாக நாலைந்து ரவை உதிர்ந்தது.

"எங்க டப்பாதான் டீச்சர். ஒங்க பிள்ள எதையும் ஒளிச்சுத் திங்கல. நீங்களும் எதையும் கவனிக்காம விடல. எங்ககிட்டத் திரும்பி வாற டப்பாவத் தொடைச்சு வச்சோம், கழுவல. யாரோ வச்சுக் குடுத்த பலகாரம் இதுல இருந்திருக்கு" என்றேன்.

திட்டுவார் என்று நின்றேன். அவர் அந்த ரவையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான்கூட ஒருநாளும் வெறும் டப்பாவாக் குடுத்ததில்லையே அக்கா" என்றார். உண்மைதான். அவர் வீட்டு அரிசி அதிரசத்தை நாங்கள் எத்தனை தடவை தின்றிருக்கிறோம். அவர் என் தோளில் சாய்ந்து அழ, நானும் அழுதேன். உமா பாயிலிருந்து எங்கள் ரெண்டு பேரையும் விசித்திரமாகப் பார்த்தாள்.

இனி அந்தப் பிள்ளைக்கும், அவளைப் போல வருகிறவர்களுக்கும் தனி டப்பா என்று முடிவு செய்தோம். மூடியில் சிவப்புச் சாயம் அடித்து, ஒவ்வொரு தடவையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டெடுத்து, அடுப்பு மேலேயே காயவைப்பது. அந்தச் சூட்டில் துருப் பிடிக்க நேரம் கிடையாது. மற்ற டப்பாக்களுக்கும் இதே குளியல்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீச்சரே கடைக்கு வந்து, ரொட்டி போடுவதை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை நின்று பார்த்தார். நான்தான் வரச் சொன்னேன். பார்த்துவிட்டுக் கையை நீட்டினார். ரொட்டியைக் கொடுத்தேன்.

ஆனால் டப்பாவில் பலகாரம் வருவதை எப்படி நிறுத்துவது? அங்கேதான் நான் அகப்பட்டுக்கொண்டேன். முத்துலட்சுமி மறுபடி வந்தபோது அவளிடமிருந்தே ஆரம்பிக்கலாம் என்று, "இனிமே எல்லாரும் வெறும் டப்பாவே குடுங்க, போதும்" என்றேன்.

அழுதுகொண்டு போனவள் அன்று சீறினாள். "அதெப்படிக்கா? வாங்குன டப்பாவ வெறுசாத் திருப்பிக் குடுத்தா வீடு வெளங்குமா? கோதுமை வேணாம்னு சொல்லு, கேக்கேன். எதுவுமே வேணாம்னா, நீ யாரு எங்க கையக் கட்ட?"

"பலகாரம் எதுவும் உள்ள வரக்கூடாது முத்து. அரிசியா கோதுமையான்னு நான் ஒவ்வொண்ணா மோந்து பாக்கவா?"

அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு யோசித்தாள். "சரி, பலகாரம் வேணாம். ஒரு வெத்தல வச்சுத் தாரேன். வெத்தலையில என்ன கோதுமையா இருக்கு? நல்ல காரியத்துக்கு வைக்கிறதுதான, டப்பாவும் வெறுசா இருக்காது."

எனக்கு அப்படியே அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. "அது மட்டும் போதுமாக்கும்? எம்புட்டு உருண்ட குடுத்த கையி, ஒரு வெத்தலையோட நின்னுக்கிடுமா?" என்று சும்மா சீண்டினேன்.

"பொறவு என்ன வேணும் ஒனக்கு? எங்க தோட்டத்துல கொப்பரைக்குத் தேங்கா ஒடைச்ச சிரட்டைதான் குமிஞ்சு கெடக்கு. அதத் தரவா, தலையில கவுத்துக்கிட?" என்றாள் எரிச்சலோடு.

வீட்டுக்காரர் அடுப்படியிலிருந்து ஓடியே வந்துவிட்டார். "தாயி, அதக் குடு! மூட்ட மூட்டையாக் குடு!" என்றார். சிரட்டை, அந்தக் கொட்டாங்கச்சி, எரிகிற எரிக்கு விறகு கிட்டே வரமுடியுமா? புகையும் குறைவு, சூடும் நின்று எரியும். முத்துலட்சுமிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் அவள் விட்டாளா? சோழபுரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, பேக்கரிக்கு டப்பாவில் வெற்றிலை, பையில் சிரட்டை என்று தானே சட்டம் போட்டுவிட்டாள். அவள் வாய்க்கு எதிர்த்துப் பேச அந்த பஸ்ஸில் ஆள் கிடையாது.

நாங்கள் ஷட்டரைத் தூக்கிய அன்று, ஏன் சாத்தினோம் என்று வந்தவர்களிடம் எல்லாம் நானே சொன்னேன். விஷம் வைத்த கடை என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆர்டரைச் சொல்லாமல் திரும்பிப் போனவர்கள் எல்லாரும் மறுபடி வந்தார்கள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் அடுப்பு முழுக்கச் சிரட்டையில்தான் எரிந்தது. பின்வாசலில் சிரட்டை மலையாகக் குவிந்து, நடக்க வழியில்லாமல் வீட்டுக்காரர் திட்டிக்கொண்டே சிரித்தார். விறகு வண்டிக்காரரிடம் இனி வரவேண்டாம் என்று சொன்னது நான்தான். டப்பாவைத் திறந்தால் வெற்றிலை வாசம். ரம்ஜானுக்கும் பொங்கலுக்கும் வெற்றிலையோடு ஒரு முழம் பூவும் வந்தது. கடையை மகனிடம் கொடுத்துவிட்டு நான் ஒதுங்கிய நாள்வரை டப்பா ஒன்றுகூட வெறுமையாக வரவில்லை, கோதுமையோடும் வரவில்லை.

ஊர்ப் பழக்கம் உங்கள் தொழிலுக்குக் குறுக்கே வந்தால் அதை வெட்டிவிடப் பார்க்காதீர்கள். அதற்குள் இருக்கிற பிரியத்துக்கு வேறு வழி காட்டுங்கள். எனக்கு அது முத்துலட்சுமியின் கோபத்தில் கிடைத்தது.

உமாவுக்கு வயிறு வற்றி, தெம்பு வரப் பல வாரம் ஆயிற்று. ஒவ்வொரு நாளும் அவள் அப்பா கடைக்கு வந்ததும் அவர் முகத்தைத்தான் முதலில் பார்ப்பேன். பள்ளிக்கூடம் போனாள் என்றார். பிறகு ஓடுகிறாள் என்றார். பிறகு சொல்ல ஒன்றும் இல்லாமல் பிஸ்கட் மட்டும் வாங்கிக்கொண்டு போக ஆரம்பித்தார். அப்போதுதான் எனக்கு மூச்சு சீராக வந்தது.

கோடை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். கடையில் நல்ல கூட்டம். டீச்சர் வந்தார், கையில் ஒரு நீலப் பாவாடை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அதை மேசைமேல், ரொட்டிகளுக்கு நடுவில், விரித்துப் போட்டார். பெண்பிள்ளை வளர வளர இறக்கிவிடலாம் என்று பாவாடைக்கு அடியில் மடித்துத் தைப்போம் அல்லவா, அந்த மடிப்பு பிரிக்கப்பட்டிருந்தது. மேலே முழுக்க வெளுத்துப்போன துணி. கீழே ஒரு சாண் அகலத்துக்குப் பட்டை மட்டும் புத்தம் புது நீலம்.

"உமாவுக்கு நாலு வருசம் முன்ன தச்ச பாவாட அக்கா. ஒரு மடிப்புகூடப் பிரிச்சதில்ல. நேத்து உக்காந்து அம்புட்டையும் பிரிச்சேன்" என்றார். மூக்கை உறிஞ்சிவிட்டு, கடையே திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகச் சொன்னார்.

"பிரிச்சும் பத்தல அக்கா! முழங்காலு தெரியுது! புதுசு எடுக்கணும்!"